ஏழாவது வளைவு

மூன்று ஆட்டங்கள் மேசைமேல் கிடந்தன.
வெள்ளிக்கிழமை இரவு.
ஒரு கை இட்லி மாவில்,
மறு கையால் பக்கம் புரட்டினேன்.

முதலாவது கெட்டி அட்டை,
முந்நூற்று எண்பது பக்கம்.
சமையலறைத் தராசில் வைத்தே பார்த்துவிட்டேன்.
ஒன்றரைக் கிலோ.
லோகித் பிறந்தபோது
அவனும் அவ்வளவுதான் இருந்தான்.
மூடி வைத்தேன்.

இரண்டாவதில் படங்கள் அழகு.
ஆனால் எனக்கொரு பழக்கம்:
ஆயுள் காப்பீட்டில் க்ளெய்ம் பிரிவு, பதினோரு வருஷம்.
எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன்.
'உங்கள் வீரன் இறந்துவிட்டால்' என்றொரு தலைப்பு.
கீழே ஒரே வரி:
புதிய தாள் எடுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஆபீஸில்கூட
இவ்வளவு சுருக்கமாய்ச் சொல்ல மாட்டோம்.

மூன்றாவது ஒற்றைத் தாள்,
ஒரு ஓரம் சாய்ந்த அச்சு.
கூடவே இருபது முகப் பகடை ஒன்று,
நாவல்பழ அளவு, நாவல்பழ நிறம்.
ஷிப்ட் முடிந்து வந்த தனசேகர்
உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து
"இதுக்கா நானூறு ரூபா?" என்றார்.
நான் தாளின் அடியில் பொடி எழுத்தைப்
படித்துக்கொண்டிருந்தேன்:
பகடை கைவிட்டால்
அடுத்து என்ன நடந்ததென்று
தோற்றவரே சொல்லட்டும்.

ஞாயிறு மதியம். அஸ்தம்பட்டி முழுக்கக் கரண்ட் இல்லை.
மாடிவீட்டு ஹஃப்ஸாவும் இறங்கி வந்தாள்,
தட்டுவடை செட் பொட்டலத்தோடு.

கோட்டையும் பூதமும் எனக்கு வராது.
தெரிந்த பாதையை வரைந்தேன்,
அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை
இருபது கொண்டை ஊசி வளைவு.
பகடைக்கும் இருபது முகம் என்பதை
வரைந்து முடித்தபிறகுதான் கவனித்தேன்.

யாருக்கு என்ன சக்தி வேண்டும்?
"எந்தக் கதவும் எனக்குத் திறக்கும்,
பிரின்சிபால் ரூம்கூட" என்றாள் ஹஃப்ஸா.
லோகித் வெகுநேரம் பென்சிலைக் கடித்தான்.
"பஸ்ல வாந்தி வராது."

நான் சிரிக்கவில்லை.
ஒவ்வொரு தடவையும் அந்த ஏழாவது வளைவுதான்.
ஜன்னலோரம், பிளாஸ்டிக் கவர், முகர எலுமிச்சை,
பின்சீட்டிலிருந்து ஒரு 'ச்சீ'.
போன மே மாதம்
அந்தச் 'ச்சீ'யைச் சொன்னது என் நாத்தனார்.

மூன்று வளைவு சும்மா கடந்தது.
நாலில் குரங்கு ஹஃப்ஸாவின் சாவிக்கொத்தைப் பிடுங்கியது.
ஐந்தில் மழை, ஆறில் லாரி.
ஏழு.
பத்துக்கு மேல் விழணும்.
கண்ணை மூடி உருட்டினான்.

மூன்று.

மேசையைத் தட்டிப் பகடையைப் புரட்டிவிட
என் கை துடித்தது.
அது மோசடி. அதற்கென்றே எங்களிடம்
தனி ரிஜிஸ்டர் இருக்கிறது.
கையைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எடுத்துட்டேன்" என்றான், தாளைப் பார்த்தபடி.
சரி. அப்புறம்?
"டிரைவர் நிறுத்திட்டாரு. எல்லாரும் இறங்கிட்டாங்க.
எல்லாரும் திட்டறாங்க."
அப்புறம்?
ஹஃப்ஸா மெல்லுவதை நிறுத்தினாள்.
"இறங்கினதாலதான்..." இழுத்தான்,
"காட்டெருமை நிக்கிறதைப் பார்த்தாங்க.
மூங்கிலுக்குள்ள. கன்னுக்குட்டியோட.
பஸ் போயிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது.
அப்புறம் யாரும் திட்டல.
ஒரு அத்தை மட்டும் திட்டினாங்க.
அவங்க மேல எருமை தும்மிடுச்சு."

ஹஃப்ஸா சிரித்ததில்
தட்டுவடைத் துணுக்கு எட்டாவது வளைவில் விழுந்தது.
அதையும் பாறை என்று வைத்துக்கொண்டோம்.

பதிமூன்றில் கரண்ட் வந்தது.
ஃபேன் காற்றில் பாதி மலை பறந்து போய்
சோபாவுக்கடியில் நின்றது.
யாரும் டிவியைப் போடவில்லை.

ஒன்றரைக் கிலோவை மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.
அந்த எடையிலிருந்து இவன் வந்த தூரம் தெரியும்.
அது காத்திருக்கட்டும்.

மே மாதம் மறுபடி ஏற்காடு, நிஜ பஸ்.
கவரும் எலுமிச்சையும் எடுத்து வைப்பேன்.
பகடை வேண்டாமாம் அவனுக்கு.
ஜன்னல் சீட் போதுமாம்,
எருமை தெரிகிற பக்கம்.